கப்பல் கட்டத் தெரிந்த கடற்படை விமானம் கட்டாதது ஏன்?

கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூர்ப் பகுதியில், அதிலும் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில், கடற்படை விமானங்களைப் பற்றி ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சி ஆகிய ஊர்களோடு ஓசூரும் ஒரு முனை. 2019 ஜனவரியில் திருச்சியில் அந்த வழித்தடம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது முதல் இங்கே பேசப்படுவதெல்லாம் நிலம், மின்சாரம், மானியம், சோதனைக்கூடம், விமான நிலையம் ஆகியவை பற்றித்தான். இவை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இவை எல்லாம் கிடைத்த பிறகும் ஒன்று குறையும். கருவியைப் பயன்படுத்தியவன் தொழிற்கூடத்துக்கு வந்து, அங்கிருந்து வகுப்பறைக்குப் போகும் பாதை நம்மிடம் ஒழுங்காகப் போடப்படவில்லை. இந்தக் குறையை மிகத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இந்தியக் கடற்படை. ஏனென்றால் அதே படைக்குள் ஒரு பக்கம் அந்தப் பாதை இருக்கிறது, இன்னொரு பக்கம் இல்லை. இரண்டின் விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கப்பல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1964ல் கடற்படை தனக்கென்று ஒரு மைய வடிவமைப்பு அலுவலகத்தை ஏற்படுத்திக்கொண்டது. அன்றைய நிலையில் அது துணிச்சலான முடிவு. நம்மிடம் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தவை. அடுத்து மும்பை மசகான் கப்பல்கட்டும் தளத்தில், பிரிட்டிஷ் லியாண்டர் வகை வரைபடத்தை வைத்து ஐஎன்எஸ் நீலகிரி கட்டப்பட்டு 1972 ஜூன் 3 அன்று படையில் சேர்ந்தது. அந்த வரிசையில் ஆறு கப்பல்கள். ஆறையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போகவில்லை. கடைசி இரண்டான தாராகிரி, விந்தியகிரி ஆகியவற்றில் பின்பகுதியை மாற்றியமைத்து, மூல வடிவத்தில் இடமே இல்லாத சீ கிங் என்ற பெரிய ஹெலிகாப்டருக்கு இடம் செய்தார்கள். அதற்கடுத்து 1983 டிசம்பரில் வந்த ஐஎன்எஸ் கோதாவரி இந்திய வடிவமைப்பு. அதில் இரண்டு சீ கிங் ஏறின. இந்தப் படிக்கட்டில் ஏறி ஏறித்தான் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் வரை வந்தோம். அதன் உள்நாட்டுப் பங்கு 76 சதவீதம் என்பது அரசின் கணக்கு. அதற்கான எஃகையும் பாதுகாப்புத் துறை உலோகவியல் ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து இங்கேயே உருவாக்கின.

இந்த ஏற்றத்துக்குப் பணம் காரணம் என்று சொல்ல முடியாது. முப்படைகளில் கடற்படைக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது மிகச் சிறிய பங்குதான். ஆட்களைப் பயன்படுத்திய முறைதான் காரணம் என்பது என் வாதம். கடற்படையில் கப்பல்கட்டுமானப் பிரிவு அதிகாரி என்று ஒரு தனி இனம் உண்டு. கொச்சிப் பல்கலைக்கழகத்திலோ ஐஐடிகளிலோ கப்பல் பொறியியல் படித்தவர். டெல்லி ஐஐடியில் கடற்படைக் கட்டுமானத்துக்கென்றே நடக்கும் முதுநிலைப் பயிற்சிக்குப் போகிறவர். அங்கே பாடம் எடுப்பவர்களிலும் சீருடை அணிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஆள் சில ஆண்டு கப்பல்தளத்தில் மேற்பார்வை, சில ஆண்டு வடிவமைப்பு மேசை, சில ஆண்டு பழுதுபார்க்கும் துறை என்று சுற்றிவருகிறார். ஓய்வுபெற்றதும் கப்பல்கட்டும் நிறுவனத்தின் நிர்வாகத்தில் உட்கார்கிறார். கப்பலில் ஒரு குழாய் தவறான உயரத்தில் போய்க்கொண்டிருந்தால், அதில் தலை இடித்துக்கொண்டவனின் குரல் வடிவமைப்பு அறைக்கு வந்துசேர ஒரு வழி இருக்கிறது. அடுத்த கப்பலில் குழாய் இடம் மாறுகிறது. கப்பல் கட்டத் தெரிந்த படை என்று கடற்படைக்கு ஏற்பட்ட பெயர் இப்படி வந்தது.

இப்போது விமானப் பக்கம் பாருங்கள். கொச்சியில் ஐஎன்எஸ் கருடா 1953ல் தொடங்கியது. அன்றுமுதல் இன்றுவரை கடற்படையின் முக்கிய விமானங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அது ஒரு இறக்குமதிப் பட்டியல்: பிரிட்டனின் சீலேண்ட், சீ ஹாக், பிரான்ஸின் அலிஸே, மறுபடி பிரிட்டனின் சீ கிங், சீ ஹாரியர், ரஷ்யாவின் காமோவ் ஹெலிகாப்டர்கள், டியு-142, மிக்-29கே, அமெரிக்காவின் பி-8ஐ, எம்எச்-60ஆர். 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்குப் பிரான்ஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய். நம் அரக்கோணத்தில் 1992ல் தொடங்கிய ஐஎன்எஸ் ராஜாளியில் டியு-142 நின்ற இடத்தில் இன்று பி-8ஐ நிற்கிறது. இரண்டுமே அருமையான விமானங்கள். ஆனால் முதலாவதை 25 ஆண்டுக்கு மேல் ஓட்டிப் பழுதுபார்த்த அனுபவம் இரண்டாவதன் ஒரு திருகைக்கூட நாம் வடிவமைக்க உதவவில்லை என்பதை யோசிக்க வேண்டும். டெக்கை நாமே கட்டினோம், அதன் மேல் நிற்கும் விமானத்தை வாங்கினோம்.

கோளாறு வரும்போது இந்த வேறுபாடு உறைக்கிறது. இன்றைய விக்ராந்துக்கு முன் அதே பெயரில் இருந்த பழைய விக்ராந்தின் கொதிகலன்களில் 1970 வாக்கில் விரிசல் கண்டது. 1971ல் போர் நெருங்குகிறது. கப்பல் முழுவேகத்தில் ஓடினால்தான் எதிர்க்காற்று போதுமான அளவு கிடைத்து அலிஸே விமானம் எழும்ப முடியும். பழுதான கொதிகலனை ஒதுக்கிவிட்டு, குறைந்த வேகத்தில், காற்றின் திசையைக் கணக்குப் பார்த்து ஓட்டலாம் என்று கடற்படையின் பொறியாளர்களும் விமானிகளும் முடிவு செய்தார்கள். டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. வெளிநாட்டில் கட்டிய கப்பல்தான். ஆனாலும் அதன் எல்லையை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். இதற்கு எதிராக மிக்-29கே. 2016ல் மத்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கை சொன்னபடி, 2010ல் படையில் சேர்ந்தது முதல் அதன் எஞ்சின்களில் 62 சதவீதம் வடிவமைப்புக் குறைகளால் கழற்றி ஒதுக்கப்பட்டன. விமானங்களின் தயார்நிலை 15.93 சதவீதத்துக்கும் 37.63 சதவீதத்துக்கும் இடையே கிடந்தது. பத்து விமானம் வைத்திருந்தால் நான்குகூடப் பறக்கத் தயாராக இல்லை என்று அர்த்தம். அந்தக் குறைகளைத் தீர்க்கும் சாவி தயாரிப்பாளர் கையில் இருந்தது.

கடற்படை விமானம் மற்ற விமானத்தைவிட ஏன் கடினம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடுபாதையில் இறங்கும் போர்விமானம் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மெதுவாகத் தரையைத் தொடும். நொடிக்கு மூன்று மீட்டர் அளவு இறங்குவேகத்துக்கு, சக்கரங்களைத் தாங்கும் அதன் கால்களை வடிவமைத்தால் போதும். கப்பலில் இறங்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மூக்கைத் தூக்கினால் டெக்கின் குறுக்கே கட்டிய தடுப்புக் கம்பியைத் தவறவிடுவார். ஆகவே வந்த கோணத்திலேயே டெக்கில் மோதி இறங்குகிறார். இறங்குவேகம் நொடிக்கு ஏழு மீட்டர் வரை போகலாம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், கால்கள் தாங்க வேண்டிய ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல். அதே நேரத்தில் வால்பக்கக் கொக்கி கம்பியைப் பிடித்து, சுமார் 90 மீட்டருக்குள் விமானத்தை நிறுத்துகிறது. டெக்கோ மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. இதோடு உப்புக்காற்று. இறங்கிய பின் இடப்பஞ்சம்: சிறகை மடித்து லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே ஹேங்கருக்குள் அடைக்க வேண்டும். நம் துருவ் ஹெலிகாப்டர் நல்ல இயந்திரம். இராணுவமும் விமானப்படையும் பெருமளவில் பயன்படுத்துகின்றன. போர்க்கப்பல் ஹேங்கருக்குள் அடங்க, சுழலி இறக்கைகளை மடித்தபின் அதன் அகலம் 3.5 மீட்டருக்குள் வர வேண்டும் என்று கடற்படை கேட்டது. தொடக்க வடிவத்தில் அந்த அளவு வரவில்லை. கப்பல்களுக்கு அது பெருமளவில் போகாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இரவில், ஆடும் டெக்கில், ஹெலிகாப்டரைத் தள்ளிக்கொண்டுபோய் ஹேங்கருக்குள் நிறுத்தியவர்கள் வடிவமைப்பின் முதல் நாளிலிருந்து மேசையில் உட்கார்ந்திருந்தால் 3.5 மீட்டர் என்பது பின்னால் வந்து சேரும் ஒரு நிபந்தனையாக இருந்திருக்காது. எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. ஜெட் விமானங்கள் வந்தபோது விமானந்தாங்கிக் கப்பல்களே இனி உதவா என்ற நிலை ஏற்பட்டது. அவ்வளவு வேகத்தில் வருவதை அவ்வளவு சிறிய தளத்தில் இறக்க முடியவில்லை. மூன்று கண்டுபிடிப்புகள் அதை மாற்றின. மூன்றும் 1950ஐ ஒட்டிய இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரிட்டனில் பிறந்தவை. விமானம் இறங்கக் கப்பலின் அச்சுக்குக் கோணமாகப் போட்ட சாய்வுத் தளம், டென்னிஸ் கேம்பெல் என்ற கடற்படை விமானியும் லூயிஸ் பாடிங்டன் என்ற ஆய்வகப் பொறியாளரும் சேர்ந்து யோசித்தது. விமானத்தை உந்தி எழுப்பும் நீராவிக் கவணை உருவாக்கியவர் காலின் மிட்செல். கடற்படைத் தொண்டர் பிரிவின் அதிகாரி, எடின்பரோவில் பிரௌன் பிரதர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர். இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் கண்ணாடியைக் கண்டவர் நிகலஸ் குட்ஹார்ட், இவரும் கடற்படையாளர். அவர் தன் யோசனையை விளக்கிய விதம் புகழ்பெற்றது. மேசைமேல் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் உதட்டுச்சாயத்தால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கை வைத்தார். விளக்கின் பிம்பம் கோட்டின் மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டு நடந்து வாருங்கள் என்று அலுவலகச் செயலாளரிடம் சொன்னார். அந்தப் பெண் மேசையை நெருங்க நெருங்கக் குனிந்துகொண்டே வந்து, மிகச் சரியாக மேசை விளிம்பில் முகவாயை வைத்தார். விமானம் ஓட்டத் தெரியாத ஒருவர் சரியான சரிவில் இறங்கிவிட்டார். விமானியின் கண் கடைசி நொடிகளில் எதைத் தேடும் என்று தெரியாமல், ஆய்வகத்தில் மட்டும் இருந்த ஒருவருக்கு இது தோன்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த மூன்றும் பொருத்தப்பட்டுத்தான் 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் நம் பழைய விக்ராந்த் படையில் சேர்ந்தது. அதன் தளத்தில் முதலில் ஜெட் விமானத்தை இறக்கியவர், பின்னாளில் கடற்படைத் தலைவரான ஆர். எச். தஹிலியானி.

பயன்படுத்துபவர், தொழில்துறை, வகுப்பறை மூன்றும் ஒரே வாழ்க்கையில் சேர்ந்ததற்குத் தெளிவான உதாரணம் ஜெரோம் ஹன்சேக்கர். அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் 1908ல் தேறியவர். கப்பல்கட்டுமானம் படிக்க எம்ஐடிக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1914ல் விமானப் பொறியியல் பாடத்தைத் தொடங்கி, ஒரு காற்றுச்சுரங்கத்தையும் கட்டினார். அப்போது அவருக்கு உதவியாளராக இருந்த இளைஞர்தான் பின்னாளில் டிசி-3 விமானத்தைத் தந்த டொனால்ட் டக்ளஸ். பிறகு கடற்படைக்குத் திரும்பிய ஹன்சேக்கர், 1919ல் முதன்முதலாக அட்லாண்டிக்கைக் கடந்த என்சி-4 கடல்விமானத்தின் வடிவமைப்பை முன்நின்று நடத்தினார். 1926ல் படையை விட்டுத் தொழில்துறைக்குப் போனார்: முதலில் பெல் ஆய்வகம், பிறகு குட்இயர்-செப்பலின். 1933ல் மறுபடி எம்ஐடிக்குப் பேராசிரியராக வந்தார். 1941 முதல் 1956 வரை அமெரிக்க விமான ஆய்வுக் குழுவின் தலைவர். அந்தக் குழு வளர்ந்துதான் நாசா ஆனது. இவர் ஒரு மேதை, இப்படி எல்லாரும் வரமுடியாது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். என் கவனம் அவருடைய மேதைமையில் இல்லை. ஒரு அரசு, தன் கடற்படை அதிகாரியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவும், பாடம் எடுக்க விடவும், பிறகு தொழில்துறைக்குப் போனவரை எதிரியாகப் பார்க்காமல் தேசியக் குழுவின் தலைமையில் உட்காரவைக்கவும் தயாராக இருந்தது. கதவுகள் இரு பக்கமும் திறந்தன.

நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வந்தது தேஜஸின் கடற்படை வடிவம். பெங்களூரில், ஜூஜுவாடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், விமான மேம்பாட்டு முகமையில் நடந்த வேலை அது. கடற்படையின் கமடோர் சி. டி. பாலாஜி அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்து, பின்னர் முகமைக்கே இயக்குநரானார். முதல் முன்மாதிரியை 2012 ஏப்ரல் 27 அன்று பறக்கவிட்டவர் கடற்படைச் சோதனை விமானி ஜெய்தீப் மாவ்லங்கர். 2020 ஜனவரி 11 அன்று கடற்படைத் தேஜஸை ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவின் டெக்கில் கம்பி பிடித்து இறக்கியவரும் அவரே. இரண்டு தேதிக்கும் நடுவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பணியிடம் மாறும் படை வழக்கத்தில் இது அபூர்வமான தொடர்ச்சி. இந்த விமானம் படையில் சேரவில்லை. எடை அதிகம், கப்பலிலிருந்து தேவையான சுமையோடு எழும்பாது என்று 2016 டிசம்பரில் கடற்படைத் தலைவர் லான்பா வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னது நியாயம். முதல் முன்மாதிரியின் கால்கள் தேவைக்கு மேல் கனமாக அமைந்தன. ஏன்? நொடிக்கு ஏழு மீட்டரில் மோதும் காலை அதுவரை இந்தியாவில் யாரும் வடிவமைத்ததில்லை. தெரியாத இடத்தில் பொறியாளர் பாதுகாப்புக்காகக் கனத்தைக் கூட்டுவார். கோவா கடற்கரைச் சோதனைத் தளத்தில் பலமுறை இறக்கிப் பார்த்த பிறகே எங்கே குறைக்கலாம் என்று தெரிந்தது. அந்த அறிவு இன்று இரட்டை எஞ்சின் கடற்படை விமானத் திட்டத்துக்குப் போகிறது. என் கவலை, அது வகுப்பறைக்கும் போகிறதா என்பதுதான். தமிழ்நாட்டில் விமானப் பொறியியல் சொல்லித்தரும் கல்லூரிகள் பல. கப்பல் டெக்கில் இறங்கும் விமானத்தின் கால் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை, அதைக் கணக்கிட்டவரிடமிருந்து கேட்டுத் தேர்வு எழுதும் மாணவர் எத்தனை பேர்?

இனி ஓசூருக்கு வருகிறேன். இந்த ஊரின் கைத்திறனைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களுக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்து, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஜாப் ஒர்க் பட்டறைகள் முளைத்தன. கைக்கடிகாரத்தின் நுண்ணிய வேலையைப் பழகிய டைட்டனின் பொறியியல் நிறுவனம் விமான உதிரிப்பாகங்களுக்குள் போனது இயல்பான வளர்ச்சி. பெங்களூரிலிருந்து டிராயிங் வருகிறது. இங்கே ஃபிக்ஸ்சர் போட்டு, விஎம்சி இயந்திரத்தில் குடைந்து, அளவு பார்த்து அனுப்புகிறோம். 7075 அலுமினியத்தில் ஒரு பிராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு துளை, இரண்டு வளைவு. ஓரத்தில் ஒரு குறிப்பு: கூர்மையான விளிம்புகளை எல்லாம் அரை மில்லிமீட்டருக்கு மழுக்க வேண்டும். மோட்டார்சைக்கிள் பாகம் செய்து பழகிய கைக்கு அது கை கிழிக்காமல் இருக்கப் பர் எடுக்கும் வேலை. அதனால் ஒரு விளிம்பு சரியாக மழுங்காமல் போனால் பெரிதாகத் தோன்றாது. இன்ஸ்பெக்‌ஷனில் லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகும்போது, பெங்களூர்க்காரர்கள் கெடுபிடி என்று வருத்தம். உண்மையில் அந்த விளிம்பில்தான் அடுக்கடுக்காக வரும் அதிர்வு முதல் விரிசலைத் தொடங்கும். கூரான முனையில் பூச்சு மெலிந்து, உப்புநீர் முதலில் உள்ளே புகுவதும் அங்கேதான். எஃகு போல்ட்டை அலுமினியத்தில் பொருத்தும்போது சீலன்ட் தடவி ஈரமாகவே இறுக்கச் சொல்வதற்கும் இதே காரணம். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் கரையத் தொடங்கிவிடும். வரைபடம் எல்லை தாண்டி ஜூஜுவாடிக்கு வருகிறது, அதன் காரணம் கர்நாடக எல்லையூரான அட்டிபெலேக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. காரணம் தெரியாத பட்டறை சொன்னதைச் செய்யலாம். இப்படிச் செய்தால் எடை குறையும், இந்தத் துளையை நகர்த்தினால் இரண்டு செட்டிங் மிச்சம் என்று திருப்பிச் சொல்ல முடியாது. திருப்பிச் சொல்ல முடியாத வெண்டருக்கு விலை மட்டுமே பேச்சு.

இந்தப் பாதை வேண்டும் என்ற என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது பொருளாதாரம். கடற்படை விமானங்களின் எண்ணிக்கை சிறியது. இருபது முப்பது விமானத்துக்காக ஒரு தொழிலைக் கட்டியெழுப்ப முடியாது. எஞ்சினும் நம்மிடம் இல்லை. எனவே ஆட்கள் அங்குமிங்கும் போவதால் எதுவும் மாறாது என்பார்கள். எண்ணிக்கை பற்றிய பகுதியை ஏற்கிறேன். எஞ்சின் பற்றிய பகுதி எனக்கு உடன்பாடில்லை. புதிய விக்ராந்தை ஓட்டும் டர்பைன்களும் அமெரிக்க வடிவமைப்புதான். அதனால் கப்பல் நம்முடையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எண்ணிக்கை சிறியதாக இருப்பதே பழுதுபார்ப்பையும் உதிரிப்பாகத்தையும் தரைக் கருவிகளையும் முக்கியமாக்குகிறது. தயார்நிலை 38 சதவீதத்தைத் தாண்டாத ஒரு விமானப் படைப்பிரிவில் அதை 60க்கு உயர்த்துவது, புதிதாகப் பல விமானம் வாங்கியதற்குச் சமம். கோவாவிலும் கொச்சியிலும் உள்ள கடற்படை விமானப் பழுதுதளங்களுக்கு வேண்டிய ஜிக், சோதனை பெஞ்ச், ஹைட்ராலிக் இணைப்பு, தூக்குக் கருவி போன்றவை ஓசூர் அளவிலான வேலைகள். அவற்றை யாரும் டிராயிங் போட்டு அனுப்பமாட்டார்கள், பிரச்சினையைத்தான் சொல்வார்கள். அதைப் புரிந்துகொள்ள, அங்கே வேலை செய்த ஒருவர் இங்கே வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இந்த ஊரின் வரலாற்றிலிருந்தே வருகிறது. பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனம் 1990களிலேயே ஓடுபாதை போட்டு, இத்தாலியின் பி-68சி விமானங்களைத் தொகுத்தது. தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ஹன்சா-3 பயிற்சி விமானத்தையும் தயாரித்தது. ஓசூர் விமானம் செய்திருக்கிறது. அது பெரிய தொழிலாக வளராததற்குக் காரணம் ஆர்டர் இல்லாததுதான், ஆள் இல்லாதது அல்ல என்று ஒருவர் வாதிடலாம். இந்த வாதத்தில் உள்ள உண்மையை நான் மதிக்கிறேன். ஆர்டர் இல்லாமல் எந்தப் பாடத்திட்டமும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது. ஆனால் ஆர்டர் வானத்திலிருந்து விழுவதும் இல்லை. படைகள் தமக்கு என்ன வேண்டும் என்று தேவைக்குறிப்பு எழுதும்போது, உள்நாட்டில் எது சாத்தியம் என்று அறிந்தவர் அந்த அறையில் இருந்தால் குறிப்பு ஒரு மாதிரி வரும். வெளிநாட்டு விற்பனைக் கையேட்டை மட்டும் பார்த்தவர் இருந்தால் வேறு மாதிரி வரும். பட்டறையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் படைக்குத் திரும்பும் அதிகாரி நம்மிடம் இல்லை. பாதை இருவழியாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. அதை லேசாகத் தள்ளக்கூடாது. நேற்றுவரை கொள்முதல் கோப்பில் கையெழுத்திட்டவர் இன்று விற்கும் நிறுவனத்தில் ஆலோசகர் என்றால் மக்கள் சந்தேகப்படுவது இயல்பு. போஃபர்ஸ் முதல் இந்த நாடு பட்டது போதும். ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் வணிக வேலையில் சேர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி இதற்காக இருக்கிறது. அது தளர்த்தப்படக்கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அந்த விதி அடைக்கும் கதவு கொள்முதல் முடிவுக்கும் விற்பனைக்கும் நடுவில் உள்ளது. துருவைப் பற்றியும் விரிசலைப் பற்றியும் ஒருவர் ஐடிஐ மாணவருக்குச் சொல்லித்தருவதில் யாருக்கும் ஆதாயம் கைமாறுவதில்லை, எந்த இரகசியமும் கசிவதில்லை. இன்னும் சொன்னால், தனிப்பட்ட ஆலோசகரின் பையில் இருக்கும் அறிவுதான் விலைபேசப்படும். வகுப்பறையில் பொதுவில் வைக்கப்பட்ட அறிவுக்கு அந்த ஆபத்து குறைவு. விக்ராந்தில் முதல் ஜெட்டை இறக்கிய தஹிலியானி, ஓய்வுக்குப் பின் டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் அமைப்பின் இந்தியக் கிளைக்குத் தலைமை வகித்து ஊழலுக்கு எதிராக வேலை செய்தார். கடற்படை விமானியான அட்மிரல் அருண் பிரகாஷ் தேசியக் கடல்சார் அறக்கட்டளையின் தலைவராக இருந்து, பாதுகாப்புத் தளவாடங்களில் நம் இறக்குமதிச் சார்பைப் பற்றி வெளிப்படையாக எழுதிவருகிறார். படையிலிருந்து வெளியே வருபவர் எல்லாரும் விற்பனைக்குத்தான் வருவார்கள் என்ற முடிவுக்கு இவர்கள் இடம் தரவில்லை.

நன்றாகப் பறப்பவர் நன்றாகப் பாடம் நடத்துவார் என்று என்ன உறுதி என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரு உறுதியும் இல்லை. அதனால்தான் அதிகாரிகளைப் பற்றி இதுவரை பேசியதைச் சற்றுத் திருப்பி, மாலுமிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கடற்படையில் ஆர்டிபிசர் என்ற தொழில்நுட்ப மாலுமிகள் உண்டு. விமானப் பிரிவுக்கு வருபவர்கள் கொச்சியில் உள்ள கடற்படை வானூர்தித் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து, எஞ்சின், ஏவியானிக்ஸ், உடற்பகுதி என்று ஒரு துறையில் ஊறுகிறார்கள். கற்றுக்கொடுப்பது அவர்கள் அன்றாட வேலையின் ஒரு பகுதி. புதிதாக வரும் இளையவர் கையில் டார்க் ரெஞ்சைக் கொடுத்து, பின்னால் நின்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் இவர்கள். இவர்களில் பலர் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் வெளியே வருகிறார்கள். ஊர் திரும்பி வங்கியிலோ காவல் பணியிலோ சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அவை கௌரவமான வேலைகள்தான். ஆனால் ஒரு மிக்-29 காலின் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பத்து ஆண்டு கழற்றி மாட்டிய கைகள் அவை. அந்தக் கைகளை இழப்பது ஒரு சோதனைக்கூடத்தை இழப்பதற்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். சோதனைக்கூடங்களுக்கு 2020ல் 400 கோடி ரூபாயில் தனித் திட்டமே வந்தது. தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐக்களை நவீனமாக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. இயந்திரங்கள் வந்து இறங்கின. அந்த இயந்திரத்தின் முன் நின்று, விமானத்துக்கான பாகம் ஏன் வேறு என்று சொல்ல வேண்டியவருக்குத் தனியாக ஒரு வரவுசெலவுத் தலைப்பு இல்லை.

விதிகள் முழுக்கத் தடையாகவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் ஏற்பாட்டில், 15 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரை முனைவர் பட்டம் இல்லாமலே எடுக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை. மூன்று ஆண்டு, தேவைப்பட்டால் இன்னும் ஒன்று. சம்பளத்தைத் தொழில்துறையே ஏற்கவும் வழி இருக்கிறது. எண்பது ஆசிரியர் உள்ள ஒரு கல்லூரிக்கு எட்டு இடம். ஐடிஐயில் சிக்கல் கொஞ்சம் அதிகம். அங்கே பயிற்றுநர் ஆக சிஐடிஎஸ் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மேலும் ஓராண்டு. பதினைந்து ஆண்டு இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆர்டிபிசருக்கு அந்த ஓராண்டைச் சுருக்கிக் கொடுப்பதும், கடைசி ஆண்டுப் பணிக்காலத்திலேயே முடிக்க விடுவதும் மத்தியப் பயிற்சித் துறையும் முன்னாள் படைவீரர் மறுவாழ்வு இயக்ககமும் சேர்ந்து உட்கார்ந்தால் தீரக்கூடியவை. அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஓசூர் சிறு குறுந்தொழில் சங்கத்தைச் சேர்ந்த பத்துப் பட்டறைகள் கூடி ஒரு ஆர்டிபிசரின் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். காலையில் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ சிறப்புப் பயிற்றுநர். பிற்பகலில் பட்டறைக்கு ஒரு நாள் என்று முறைவைத்துச் சுற்று. நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்துத் தொழில்துறைப் பாடம் நடத்த ஏற்கெனவே இடம் இருக்கிறது. அதில் விமானப் பராமரிப்புக்கு ஒரு பருவம் கேட்கலாம். முதல் பருவத்துக்கு நான்கு தலைப்பு போதும்: விளிம்பும் விரிசலும், உப்பும் உலோகமும், ஹைட்ராலிக் கசிவு, ஒரு பாகத்தின் பிறப்பு முதல் கழிவு வரையான பதிவேடு. கொச்சியில் கழித்துக்கட்டிய பழைய பாகங்கள் சிலவற்றைப் பாடத்துக்காகக் கேட்டு ஒரு கடிதம் இங்கிருந்து போக வேண்டும். அந்தக் கடிதத்தில் கல்லூரி முதல்வரும் பட்டறை உரிமையாளரும் ஒரே தாளில் கையெழுத்திட்டால், வரும் கல்வியாண்டிலேயே வகுப்பைத் தொடங்கிவிடலாம்.